பையன் சட்டைப்பையில் லைட்டர்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பள்ளிப் பிள்ளைகளின் தூக்கம் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி தூக்கத்தைப் பற்றியே இல்லை. பையன் தம் அடிக்கிறான், என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சரி, இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு லைட்டரும் இரண்டு புதினா மிட்டாயும் இருந்தன. சட்டையிலும் புகை வாசம். கேட்டால் லைட்டர் நண்பனுடையது என்கிறான். அவன் அப்பாவிடம் சொன்னால் பெல்ட்டை உருவிவிடுவார். சொல்லாமல் மறைப்பதும் தப்பாகத் தெரிகிறது. அவருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். – ஒரு அம்மா, திருப்பூர்

பதில்: லைட்டர் நண்பனுடையதாகவே இருக்கலாம் அம்மா, ஆனால் மிட்டாய் இவனுடையது. வாயில் வாசம் போக வேண்டும் என்கிற கவலை யாருக்கு இருக்கிறதோ அவர்தான் மிட்டாயை வைத்துக்கொண்டு அலைவார்.

நல்ல வீட்டுப் பையன், கெட்ட சகவாசத்தால் கெட்டான் என்ற கதையை நாம் எல்லோருமே நம்பத்தான் விரும்புகிறோம். அந்தக் கெட்ட சகவாசத்தின் வீட்டிலும் ஒரு அம்மா உட்கார்ந்து உங்கள் மகனைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். நண்பர்கள் பெரிய காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே வீட்டில் ஒரு பாடம் நடந்து முடிந்திருக்கும். பிள்ளைகள் புகைக்க ஆரம்பிப்பதில் வீட்டாரின் பங்கு என்ன என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2011இல் வெளிவந்தது. அப்பா, அம்மா யாராவது ஒருவர் புகைத்தாலும் பிள்ளை தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது, இரண்டு பேரும் புகைத்தால் இன்னும் அதிகம், அண்ணன் தம்பி புகைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் என்றார்கள். அண்ணன் அடிக்கும்போது அது பெரியவர்கள் விவகாரமாக இல்லாமல் நம்ம செட்டு விவகாரமாக ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் ஒன்று நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா பேப்பரோடு நாற்காலியில், "டேய், கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா, மீதிக்கு நீ ஏதாவது வாங்கிக்க." நம் ஊரில் பல வீடுகளில் இது சாதாரணம். எந்த பிராண்டு, என்ன விலை, கடைக்காரர் பழைய பேப்பரில் எப்படிச் சுற்றித் தருவார் என்பதெல்லாம் ஏழு வயதிலேயே பையனுக்கு அத்துப்படி. கடைக்காரருக்கும் அவன் முகம் பழகிவிடும். பதினஞ்சு வயதில் அதே கடைக்கு வந்து ஒன்று கேட்டால் "அப்பாவுக்கா?" என்று கூடக் கேட்க மாட்டார். இன்றைக்கே நிறுத்த வேண்டியது இதுதான், இதற்கு யாருடைய மன உறுதியும் தேவையில்லை.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லுங்கள். ஆனால் பையன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, பெல்ட்டுக்கு வேலையில்லை என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டுச் சொல்லுங்கள். அடித்தால் அவன் பழக்கத்தை விடமாட்டான், லைட்டரைச் சட்டைப்பையில் வைப்பதைத்தான் விடுவான். அடுத்த தடவை உங்களுக்கு அந்த மிட்டாய்கூடக் கிடைக்காது. இன்னொன்று, கையில் சிகரெட்டோடு நிற்கும் மனிதர் "நீ பிடிக்காதே" என்று அடிப்பதை எந்தப் பதினாறு வயதுக்காரனும் நியாயமாக எடுத்துக்கொள்ள மாட்டான், நானும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவர் "எனக்கும் விட முடியவில்லை, உன் வயதில்தான் ஆரம்பித்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதன் கனமே வேறு.

நீங்கள் பேசும்போது நாற்காலி போட்டு எதிரே உட்கார வைத்து விசாரணை நடத்தாதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதோ, முகத்தைப் பார்க்காமல் பேசுகிற இடம் நல்லது. "யார் கத்துக் கொடுத்தா?" என்று கேட்டால் நண்பனைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதிலேயே அவன் கவனம் போய்விடும். "எப்ப பிடிக்கணும்னு தோணுது?" என்று கேளுங்கள். டியூஷன் முடிந்து நிற்கும் அரை மணி நேரமா, பரீட்சைக்கு முதல் நாளா, சண்டை போட்ட அன்றைக்கா? நிறுத்த உதவப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கேள்வி: எனக்கு 16 வயசு. எங்க செட்ல நாலு பேரும் அடிப்பாங்க. நான் வாரத்துக்கு ரெண்டு மூணுதான், அதுவும் ஓசில. நினைச்சா விட்டுடலாம்னு தோணுது. இதெல்லாம் அடிக்ஷன் இல்லையே? எக்ஸாம் டென்ஷனுக்கு ஒண்ணு போட்டா ரிலாக்ஸா இருக்கு, அது மட்டும் உண்மை. – மதுரை

பதில்: தம்பி, நேராகக் கேட்டதற்கு நன்றி, நேராகவே சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று என்பதால் பாதுகாப்பு இல்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தினமும் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, எப்போதாவது பிடிக்கத் தொடங்கிய சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே, அடிமையாவதன் முதல் அறிகுறிகள் வந்துவிட்டன. பிடிக்காத நாளில் எரிச்சல், பாடத்தில் கவனம் நிற்காமல் போவது, விடணும் என்று நினைத்து விட முடியாமல் போவது, இப்படி. பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் அது. உன் வயதில் மூளை இன்னும் கட்டி முடிக்காத வீடு, இருபத்தைந்து வயது வரை வேலை நடக்கும், இப்போது உள்ளே போகும் நிகோடின் அந்த வேலையிலேயே கலந்துவிடுகிறது.

அந்த ரிலாக்ஸ் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். இழுத்த புகையில் இருக்கும் நிகோடின் பத்து இருபது வினாடிக்குள் மூளைக்குப் போய்விடும். அதன் பிறகு சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே வரும். பழகிய மூளை அது குறையும்போது நைநை என்று ஆரம்பிக்கும், பதற்றம் வரும், கை பரபரக்கும். அடுத்த சிகரெட் தணிப்பது பரீட்சை டென்ஷனை அல்ல, முந்தைய சிகரெட் கொண்டுவந்த டென்ஷனை. பிடிக்காத உன் வகுப்புத் தோழனுக்கு இந்த இரண்டாவது டென்ஷனே கிடையாது, அவனுக்குப் பரீட்சை மட்டும்தான்.

நினைத்தால் விட்டுவிடலாம் என்கிறாய். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பதில் சொன்ன கணக்கெடுப்புகளைச் சேர்த்து 2018இல் பார்த்தார்கள். ஒரு சிகரெட்டையாவது ருசி பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் கொஞ்ச காலமாவது தினமும் பிடிப்பவர்களாக ஆகியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உன்னைப் போலத்தான் நினைத்திருப்பார்கள்.

அப்புறம் அந்த ஓசி. ஓசியில் பிடிக்கிற வரைக்கும் நமக்குப் பழக்கம் இல்லை என்று ஒரு நினைப்பு வரும். முதல் தடவை உன் காசில், நீயே போய், தனியாக வாங்கிப் பிடிக்கிற நாள் வரும் பார், அன்றைக்கு நிலைமை மாறியிருக்கும். இன்னும் அந்த நாள் வரவில்லை என்றால் நீ சுலபமான பக்கத்தில்தான் இருக்கிறாய்.

விட ஆரம்பித்தால் முதல் மூன்று நாள்தான் மோசம், அதன் பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவை ஆசை கிளம்பும்போதும் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் அந்த அலை போய்விடும். தண்ணீர் குடி, எழுந்து நட, வேறு பக்கம் போ. டீக்கடை முன்னால் நின்றுகொண்டு தாக்குப்பிடிக்கலாம் என்று வீரம் காட்டாதே. செட்டை விடச் சொல்லவில்லை. ஒருத்தனிடம் மட்டும் தனியாகச் சொல்லிவை, "மச்சி, எனக்கு நீட்டாதே" என்று. நாலு பேரில் ஒருத்தனாவது தானும் விடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு. தேசிய அளவில் 1800 11 2356 என்று இலவச எண் இருக்கிறது, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள், கவனித்திருக்க மாட்டாய், ஏனென்றால் நீ பாக்கெட்டையே பார்ப்பதில்லை, ஒற்றைச் சிகரெட்டைத்தான் பார்க்கிறாய். நிகோடின் சூயிங்கம் போன்றவற்றை உன் வயதில் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர் நான். பள்ளி கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பெட்டிக்கடை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சீருடையிலேயே போய் வாங்குகிறார்கள். சிகரெட்டை விட கூல் லிப் என்று ஒன்று இப்போது அதிகம். சட்டத்தில் இடம் இருக்கிறதா, இல்லை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? – சேலம் மாவட்டம்

பதில்: சட்டத்தில் இடம் தாராளமாக இருக்கிறது சார், செயலில்தான் இல்லை. 2003ஆம் ஆண்டு புகையிலைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: பதினெட்டு வயதுக்குக் கீழ் யாருக்கும் விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது, யாருக்குமே. அபராதம் 200 ரூபாய் வரை. இந்த 200 ரூபாயைக் கேட்டுத்தான் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், அரை நாள் வியாபாரத்தில் அது வந்துவிடும். ஆனால் பலருக்குத் தெரியாத இன்னொரு சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். விற்றால் மட்டும் இல்லை, கொடுத்தாலே. கடைக்காரரிடம் இந்த இரண்டாவது சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கோபமாக வேண்டாம், டீ குடித்துக்கொண்டே சொல்லுங்கள், அவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும்.

கூல் லிப் விஷயம் வேறு மாதிரி. சின்னப் பை, அதை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் புதினா போலக் குளிர்ச்சி, உள்ளே இருப்பது புகையிலை. புகை இல்லை, வாசம் இல்லை, துப்ப வேண்டியதும் இல்லை, அதனால் முதல் பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவன் வைத்திருக்க முடியும். பேச்சு கொஞ்சம் குழறுவது, கீழுதடு லேசாக உப்பியிருப்பது, பாடம் கேட்கும்போது திடீரென்று தண்ணீர் கேட்டு வெளியே போவது, இதெல்லாம் அனுபவப்பட்ட ஆசிரியர்கள் கண்டுபிடிக்கிற அடையாளங்கள். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா எல்லாம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடையில் இருக்கின்றன, ஆனால் வெளிமாநிலங்களில் தயாராகி உள்ளே வந்துகொண்டே இருக்கின்றன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவியிருப்பதைப் பார்த்துவிட்டு, இதை ஏன் நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக அறிவிக்கக் கூடாது என்று ஒன்றிய அரசையே கேட்டது. கடையில் பார்த்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தலைமையாசிரியர் பெயரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தனி ஆசிரியராகப் போய்ச் சண்டை போடாதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் இருக்கும் அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து போனால் உள்ளூரில் அதற்கு மதிப்பே தனி. 100 கெஜத்துக்கு மஞ்சள் கோடு போட வேண்டும் என்று புகையிலை இல்லா கல்வி நிறுவனங்களுக்கான ஒன்றிய அரசு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கோடு போட்டால் கடை எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

பிடிபடும் பையனை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள். பள்ளியில் இருக்கும்போது ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது அவன் யாராவது ஒருவரின் கண்ணில் படுகிறான், வெளியே அனுப்பினால் அந்தப் பெட்டிக்கடை பெஞ்சுதான் அவனுக்குப் பள்ளி.

கேள்வி: "எல்லாரும்தான் பிடிக்கிறாங்க" என்கிறான் என் தம்பி மகன், ஒன்பதாவது படிக்கிறான். உண்மையிலேயே இவ்வளவு பேர் பிடிக்கிறார்களா? – கரூர்

பதில்: இல்லை. ஒன்றிய அரசு 2019இல் எடுத்த தேசிய கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது வரை உள்ள மாணவர்களில் ஏதாவது ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துபவர்கள் 8.5 சதவீதம்தான், பையன்களில் 9.6, பெண் பிள்ளைகளில் 7.4. நாற்பது பேர் வகுப்பில் மூன்று நான்கு பேர். ஆனால் பிடிக்காத முப்பத்தாறு பேர் எங்கேயும் கும்பலாக நின்று கண்ணில் பட மாட்டார்கள், அந்த நாலு பேர் தெருமுனையில் நிற்பார்கள், அவர்கள்தான் தெரிவார்கள். பதின்ம வயதுக்காரர்கள் தங்கள் வயதில் எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று எப்போதும் கூடுதலாகவே மதிப்பிடுகிறார்கள், அப்படி நினைக்க நினைக்க தானும் தொடங்குகிற வாய்ப்பு ஏறுகிறது. புற்றுநோய் படத்தை நீட்டுவதை விட இந்த எண்ணைச் சொன்னால் அவன் கொஞ்சம் யோசிப்பான்.

அதே கணக்கெடுப்பில் என்னை உறுத்திய எண் வேறு. புகையிலை பயன்படுத்தும் அந்தப் பிள்ளைகளில் சிகரெட் பிடிப்பவர்களில் 38 சதவீதமும், பீடி பிடிப்பவர்களில் 47 சதவீதமும் பத்து வயது முடிவதற்கு முன்பே தொடங்கியவர்கள். பிளஸ் டூவில் வந்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறோம் நாம்.

கேள்வி: சினிமாவில் ஹீரோ ஸ்டைலாக இழுப்பதைப் பார்த்துத்தான் பசங்க கெடுகிறார்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். நான் ரஜினி படம் பார்த்து வளர்ந்தவன், ஒரு நாளும் பிடித்ததில்லை. – வேலூர்

பதில்: ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து யாரும் பிடிக்க ஆரம்பிப்பதில்லை, அது சரி. ஆனால் உங்கள் ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது. டெல்லிப் பள்ளிகளில் சுமார் 4,000 பிள்ளைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், படங்களில் புகைக்கும் காட்சிகளை மிக அதிகமாகப் பார்த்தவர்கள் புகையிலையைத் தொட்டுப் பார்த்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவாகப் பார்த்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, படக் காட்சிகளுக்கும் இளம் வயதில் தொடங்குவதற்கும் உள்ளது காரண–விளைவு உறவுதான் என்றே சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை பழையது. 2002இல் ரஜினியின் சிகரெட் காட்சிகளை எதிர்த்து பா.ம.க. கிளம்பியது, அப்புறம் அன்புமணி ராமதாஸ் ஒன்றிய சுகாதார அமைச்சராக இருந்தபோது திரையில் புகைக்கும் காட்சியே கூடாது என்று விதி கொண்டுவந்தார், அதை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு வந்ததுதான் இப்போது நாம் பார்க்கிற எச்சரிக்கை வாசகமும், படம் தொடங்கும்போதும் இடைவேளையிலும் வரும் விளம்பரமும். 2018இல் விஜய் வாயில் சிகரெட்டோடு ஒரு முதல் போஸ்டர் வந்தது, தமிழ்நாடு சுகாதாரத் துறை நோட்டீஸ் விட்டது, போஸ்டரைத் தூக்கிவிட்டார்கள். 2023 செப்டம்பரிலிருந்து ஓ.டி.டி.க்கும் எச்சரிக்கை கட்டாயம்.

என்னைக் கேட்டால் அந்த ஓரத்து எச்சரிக்கை வாசகத்தால் பெரிய பயன் இல்லை, அதை வைத்து மீம் போடத்தான் பயன்படுகிறது. பையன் பார்ப்பது ஹீரோவின் முகத்தை. காதல் தோற்றால் சிகரெட், யோசித்தால் சிகரெட், சண்டைக்கு முன் சிகரெட் என்று வந்துகொண்டே இருந்தால், துக்கத்தையும் யோசனையையும் ஒரு ஆம்பளை எப்படிக் காட்டுவது என்பதற்கு அவனிடம் ஒரே ஒரு மாதிரிதான் மிஞ்சுகிறது. வில்லன் பிடித்தால் இவ்வளவு பாதிப்பு வராதே என்று கேட்பார்கள், நம் வில்லன்களும் இப்போது ஹீரோவை விட அழகாகத்தானே இருக்கிறார்கள்.

கேள்வி: கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகள் அறையில் பென் டிரைவ் மாதிரி ஒன்று. மாம்பழ வாசனை. வேப் என்கிறாள், வெறும் தண்ணீர் ஆவிதான் என்கிறாள். – கோயம்புத்தூர்

பதில்: தண்ணீர் ஆவி அல்ல, வேப் என்பது இ-சிகரெட்தான். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோடின். இதைச் சூடாக்கி வருவது நீராவி மாதிரி தெரியும். சிகரெட்டில் தொண்டை எரியும், இருமல் வரும், உடம்பு கொஞ்சமாவது எதிர்ப்பு காட்டும். இதில் மாம்பழமும் குளிர்ச்சியும் அந்த எதிர்ப்பை அடக்கிவிடுவதால் எவ்வளவு இழுத்தோம் என்றே தெரியாது. அமெரிக்காவில் 2019இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதே 2019இல் இந்தியாவில் இ-சிகரெட்டுக்குத் தனிச் சட்டம் போட்டு உற்பத்தி, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்கள், முதல் தடவை மாட்டும் விற்பனையாளருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அதனால் அவள் கையில் இருப்பது கள்ளச்சரக்கு, உள்ளே என்ன அளவில் என்ன இருக்கிறது என்று எந்த அரசும் சோதித்ததில்லை. பொண்ணு என்பதற்காகக் கூடுதலாக ஒரு ரகளை வேண்டாம், நுரையீரலுக்கு ஆண் பெண் கிடையாது. பயத்தில் கத்தினால் அவளிடமிருந்து உங்களுக்கு அடுத்த தகவல் வராது.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. எட்டாவது படிக்கும் மகன் தட்டிலிருந்து எடுத்துப் பிடித்ததைப் பக்கத்து வீட்டில் பார்த்துச் சொன்னார்கள். நானே சுற்றிவிட்டு அவனை எந்த வாயால் கண்டிப்பது? – முக்கூடல் பக்கம்

பதில்: அக்கா, அந்த வாயாலேயே கண்டிக்கலாம். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் பீடித் தட்டின் காசில் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள், அதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சுற்றுவது கூலிக்கு, அவன் பிடிப்பது உடம்புக்கு, இரண்டும் வேறு வேறு என்று அவனுக்குத் தெரியும்.

பீடி சின்னது, சிகரெட் அளவுக்கு ஒன்றும் செய்யாது என்று ஒரு நினைப்பு நம் ஊரில் உண்டு. தலைகீழ். சிகரெட் தாளில் காற்றுப் புகும் அளவுக்குப் பீடி இலையில் புகாது, அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும், அதனால் கார்பன் மோனாக்சைடும் தாரும் நிகோடினும் அதிகமாக உள்ளே போகின்றன. சுற்றி முடித்த கட்டுகளை எண்ணி மூடி, அவன் கை எட்டாத இடத்தில் வையுங்கள். எண்ணி வைக்கிறீர்கள் என்பது அவனுக்குத் தெரியட்டும், கடைக்குக் கணக்கு ஒப்படைக்க எப்படியும் எண்ணத்தானே போகிறீர்கள். தூளை அவன் படிக்கிற, படுக்கிற இடத்தில் பரப்பாதீர்கள். இலை வெட்ட, கட்டுக் கட்ட அவனை உதவிக்கு உட்கார வைத்தால் முதலில் அதை நிறுத்துங்கள், கூலி கொஞ்சம் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன்.

கேள்வி: 14 வயதில் ஆரம்பித்தேன். இப்போது 72. கல்லு மாதிரி இருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளை ஏன் இப்படி பயமுறுத்துகிறீர்கள்? – தஞ்சாவூர்

பதில்: ரொம்ப சந்தோஷம் ஐயா, நூறு வயது இருங்கள். ஆனால் உங்களோடு 14 வயதில் ஆரம்பித்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து இந்தக் கேள்வியைக் கேட்டால் நன்றாக இருக்கும். பிரிட்டனில் 1951இல் தொடங்கி 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்டார்கள். புகைத்துக்கொண்டே இருந்தவர்கள் புகைக்காதவர்களை விடச் சராசரியாகப் பத்து வருடம் முன்பே இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பக் கிடைத்தது, அறுபதில் விட்டவர்களுக்குக் கூட மூன்று வருடம். பேரன் முன்னால் மட்டுமாவது பிடிக்காதீர்கள், "தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதுதான் இப்போது அவன் கையில் இருக்கும் ஒரே ஆதாரம்.

கேள்வி: பேசாமல் புகையிலையையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன? வெளிநாட்டில் எப்படிக் குறைத்தார்கள்? – நாகர்கோவில்

பதில்: பூட்டான் 2004இல் விற்பனையைத் தடை செய்து பார்த்தது, எல்லை தாண்டிக் கடத்தல் நின்றபாடில்லை, கொரோனா சமயத்தில் கடத்தல்காரர்கள் வழியாகத் தொற்றும் வரும் என்று பயந்து தடையைத் தளர்த்திவிட்டார்கள். நியூசிலாந்து 2009 ஜனவரி முதல் பிறந்தவர்களுக்கு எப்போதுமே விற்கக் கூடாது என்று 2022இல் சட்டம் போட்டது, ஆட்சி மாறியதும் 2024இல் அமலுக்கு வருவதற்கு முன்பே நீக்கிவிட்டார்கள். அதே மாதிரி சட்டத்தை மாலத்தீவு 2025 நவம்பரில் அமல்படுத்தியது, 2007 ஜனவரி முதல் பிறந்தவர்களுக்கு. எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்து கதை. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர் தினமும் புகைத்தார்கள், 2016இல் 3 சதவீதம். பிள்ளைகளைப் பயமுறுத்தும் பிரசாரத்தைக் குறைத்துவிட்டு, சாயங்கால நேரத்தில் அவர்களுக்கு விளையாட்டு, இசை என்று செய்ய ஏதாவது கொடுத்தார்கள், அதற்கான கட்டணத்தை ஊராட்சியே பங்கு போட்டுக்கொண்டது. பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதிரி விதிகளை வைத்தார்கள், ராத்திரி இன்ன நேரத்துக்கு மேல் பிள்ளைகள் தனியாக வெளியே இல்லை என்று. இங்கே பதினஞ்சு வயதுப் பையனுக்கு டியூஷன் முடிந்ததும் போவதற்கு டீக்கடையைத் தவிர இடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். மைதானத்துக்கு ஆறு மணிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறோம்.

தடை வேண்டுமானால் முதலில் ஒற்றைச் சிகரெட் விற்பனையைத் தடை செய்யலாம். முழு பாக்கெட் வாங்க ஒன்பதாவது படிப்பவனிடம் காசு இருக்காது, ஒன்று வாங்க இருக்கும். கடையில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர் அந்த ஒன்றுக்காகத்தான் தொங்குகிறது. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் பயங்கரமான படம் போட வேண்டும் என்று 2016இலிருந்து கட்டாயம், ஆனால் ஒற்றையாக வாங்குகிறவன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களில் சில்லறை விற்பனைக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது.

கேள்வி: எனக்கு 13 வயது. அப்பா வீட்டுக்குள்ளேயே பிடிக்கிறார். தம்பிக்கு வீசிங் இருக்கிறது. சொன்னால் "உனக்கு என்ன தெரியும்" என்கிறார். எப்படிச் சொல்வது? – கும்பகோணம்

பதில்: தங்கச்சி, "விட்டுடுங்கப்பா" என்று ஆரம்பிக்காதே, அதை அவர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். "வீட்டுக்குள்ள வேணாம்ப்பா, தம்பிக்கு மூச்சு வாங்குது" என்று மட்டும் கேள். அது சின்ன கோரிக்கை, மறுக்கக் கஷ்டம். ஜன்னல் பக்கம் நின்றாலும் சமையலறையில் நின்றாலும் புகை உள்ளே வரும், அதனால் வாசலுக்கு வெளியே என்று தெளிவாகச் சொல். அடுத்த தடவை தம்பியை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது அப்பாவையும் கூட வரச் சொல், வீட்டில் யாராவது பிடிக்கிறார்களா என்று அவர்களே கேட்பார்கள், கேட்காவிட்டால் நீ சொல்லிவிடு. மேலே மதுரைத் தம்பிக்குக் கொடுத்த எண் பெரியவர்களுக்கும்தான். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் உட்காரும் இடத்தில் வைத்துவிடு, திட்டினால் என் பெயரைச் சொல்.